நிற்கத் தெரிந்தது

சனிக்கிழமை காலை, வுப்பர்டால்.
வெளியே ஆற்றின் மேல்
தொங்கு ரயில் வளைவில் கிறீச்சிட்டுப் போகிறது.
இந்த ஊரில் எல்லாமே தலைக்கு மேலேதான்:
ரயில், மழை, என் வேலை.

கடையின் ஏழாவது வரிசையில்
டிரில்கள் கம்பியில் கட்டுண்டு
மூக்கை நீட்டிக்கொண்டிருக்கின்றன.
ஒவ்வொன்றாய் எடுத்துக்
கூரைக்கு நேரே நீட்டி
நூறு எண்ணுகிறேன், இடக்கையால்.
(வலது மணிக்கட்டில் மார்ச் மாதம் போட்ட தையல்
மழைக்கு இன்னும் முணுமுணுக்கிறது.)
பெயின்ட் வாங்க வந்த ஒருவர்
தானும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

"பதினெட்டு வோல்ட் எடுங்கள்,
சுவரே பிளந்துவிடும்" என்றாள் ஹைக்கே,
பெயரட்டை குத்திய விற்பனைக்காரி.

சுவரைப் பிளக்க மெவ்லுத் இருக்கிறான்.
வண்டியில் அவனுடைய பெரிய இயந்திரம்
கர்ப்பிணி மாதிரி ஒரு முழு இருக்கையில் வரும்.
எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது திருகாணி.
சுவிட்ச் மூடி, விளக்குத் தட்டு,
கம்பிக் கவ்வி, இணைப்புப் பெட்டி.
எறும்பைக் கட்ட
யானைச் சங்கிலி எதற்கு?

"அப்படியென்றால் பன்னிரண்டு வோல்ட்" என்றாள்.
பெட்டியில்தான் பன்னிரண்டு.
வேலைக்கு இறங்கினால் பத்தே முக்கால் சொச்சம்.
சம்பளச் சீட்டின் மேல்வரிக்கும்
கைக்கு வருவதற்கும் உள்ள தூரம்தான்.
அதில் குடும்பம் நடத்துகிறேனே,
இதில் ஒரு மூடி பூட்டமாட்டேனா.

வியாழக்கிழமை
திருமதி ஸ்ட்ராட்மனின் சமையலறையில்
பழைய டிரில் நிற்க மறந்தது.
ஆணி இறங்கி முடிந்த பிறகும் சுற்றியது.
மூடியில் குறுக்கே ஒரு விரிசல்.
நான்கு யூரோ இருபது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மேசையிலிருந்த பீங்கான் கோப்பையை மட்டும்
என் பக்கத்திலிருந்து
ஒரு சாண் தள்ளி வைத்தார்.

ஆகவே நான் பார்ப்பது பலத்தை அல்ல.
கழுத்தில் எண்கள் எழுதிய வளையத்தை.
மூன்றில் வைத்தால்
மூன்றிலேயே கைவிட வேண்டும்,
கடகடவென்று 'போதும்' சொல்லி.

பையிலிருந்து உடைந்த மூடியையும்
ஒரு மரத்துண்டையும் எடுத்தபோதுதான்
ஹைக்கே சிரித்தாள்:
"இவற்றில் பேட்டரி இல்லை.
உள்ளே இருப்பது வெற்றுப் பிளாஸ்டிக்."

அப்போது
நான் எண்ணிய அத்தனை நூறும்?

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.
பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் போய்
மின்னேற்றிய பேட்டரிகளோடு வந்தாள்.
"ஐந்து நிமிடம். மேலாளர் புகைக்கப் போயிருக்கிறார்."

பச்சை, மூன்று என்றாலும் கேட்கவில்லை.
மஞ்சளின் விளக்கு கைப்பிடியடியில்;
திருகாணி இருக்குமிடத்தில் தன் மூக்கின் நிழலையே போட்டது.
சிவப்பு நல்ல பிள்ளை, ஆனால் நீளம்;
மின்பலகைக்குள் தலை நுழைந்தால் உடம்பு நுழையாது.
அதன் பேட்டரிகள் இரண்டு என் வீட்டில் இருக்கின்றன,
அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நீலம்
ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
மூக்கைச் சுற்றி வட்டமாய் வெளிச்சம்.
ஆணியின் தலை மூடியைத் தொட்டதும்
கடகட.
உடைந்த மூடி
அதற்கு மேல் உடையவில்லை.

முப்பது யூரோ கூடுதல்.
விரிசல் விழும் மூடிக் கணக்கில் ஏழு மூடி.
ஏழை உடைக்க எத்தனை மாதமாகும் என்று யோசித்தேன்.
பதில் எனக்குப் பிடிக்கவில்லை.
அட்டையை நீட்டினேன்.

ரயிலில் மெவ்லுத்தின் செய்தி:
என்ன வாங்கினாய்?
சின்னது.
அது எதற்கு ஆகும்?

பதில் எழுதவில்லை.
பெட்டியைத் திறந்து, பேட்டரியோடு,
இடக்கையால் கூரைக்கு நேரே நீட்டினேன்.
எதிர் இருக்கைச் சிறுவன்
எனக்காக உரக்க எண்ணத் தொடங்கினான்.
கீழே ஆறு, மேலே தண்டவாளம்.
அறுபத்து மூன்றில்
என் நிறுத்தம் வந்தது.